புறம்பானது எது?

ஒரு பள்ளி உண்மையில் எதை நம்புகிறது என்பதை அறிய அதன் நுழைவாயிலில் பொறித்துள்ள குறிக்கோள் வாசகத்தைப் படிக்க வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பின் கால அட்டவணையைப் படித்தால் போதும். அதில் விளையாட்டுக்கென ஒதுக்கிய பாடவேளை இருக்கிறதா, இருந்தால் அந்த வேளையில் மாணவர்கள் மைதானத்தில் இருக்கிறார்களா, கணக்கு நோட்டோடு வகுப்பறையில் இருக்கிறார்களா என்று பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும்.

பிறரைக் குறை கூற இதை நாம் எழுதவில்லை. 2008ஆம் ஆண்டில் நாம் ஒரு பங்கின் பொறுப்போடு, அதைச் சேர்ந்த மேல்நிலைப் பள்ளியின் தாளாளர் பொறுப்பையும் ஏற்றிருந்தோம். பொறியியல் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, மேல்நிலைத் தேர்வின் மதிப்பெண்களே மாணவரின் தலைவிதியை எழுதத் தொடங்கியிருந்த காலம் அது. ஜூன் மாதத்தில் புதிய கால அட்டவணை கையொப்பத்திற்கு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பின் விளையாட்டு வேளைகள் கணக்குக்கும் இயற்பியலுக்கும் மாற்றப்பட்டிருந்தன. மேல்நிலை மாணவர் எவரும் பேண்டு வாத்தியக் குழுவில் இருக்கக்கூடாது, ஆண்டு விழா நாடகத்தில் நடிக்கக்கூடாது என்று அடிக்குறிப்பும் இருந்தது. நாம் கையொப்பமிட்டோம். பெற்றோர் கூட்டத்தில் இதை அறிவித்தபோது கைதட்டல் எழுந்தது.

உடற்கல்வி ஆசிரியர் மட்டும் மறுநாள் அலுவலக வாசலில் வந்து நின்றார். "பையன்கள் வந்து கேட்கிறார்கள், சாமி. நான் என்ன சொல்லட்டும்?" என்றார். "ஓராண்டுதானே, பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றோம். அவர் வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவ்வாண்டு தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தது. சிறப்பிடம் பெற்றவர்களின் படங்களோடு பள்ளி வாசலில் தட்டி வைத்தோம். அப்படங்களுள் ஒன்று, பேண்டு குழுவில் நான்கு ஆண்டுகள் டிரம் அடித்துவிட்டு, நம் கையொப்பத்தால் நிறுத்தப்பட்ட மாணவனுடையது. கணக்கில் இருநூற்றுக்கு இருநூறு பெற்றிருந்தான். பெருநகரில் நல்லதொரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. மறு ஆண்டு ஜனவரியில் ஒரு மாலைப்பொழுது, தன் தகரப் பெட்டியோடு பங்கு இல்லத்துத் திண்ணையில் வந்து அமர்ந்திருந்தான். முதல் பருவத் தேர்வில் மூன்று தாள்களில் தோல்வி. வீட்டுக்குப் போக அச்சம். பாடம் கடினமோ என்று கேட்டோம். "பாடம்கூடப் பரவாயில்லை, சாமி. புரியாததை அங்கே யாரிடமும் போய்க் கேட்க எனக்கு வரவில்லை" என்றான்.

அவன் திரும்பிச் சென்றான். ஓராண்டு தாமதமாகப் பட்டமும் பெற்றான். ஆயினும் அன்று அவன் சொன்னது நம்மை விட்டு அகலவில்லை. பாடத்தை எல்லாம் கற்றுத் தந்து அனுப்பிய ஒரு பிள்ளைக்கு, ஒருவரிடம் போய்க் கேட்கும் வழியை நாம் கற்றுத் தரவில்லை. அதைக் கற்றுத் தரும் இடங்களாகப் பள்ளியில் எவை இருந்தனவோ, அவற்றையே பாடத்திற்குப் புறம்பானவை என்று பெயரிட்டு வெளியே நிறுத்தினோம். அந்த மாணவனின் தோல்விக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டோம். ஒருவன் கதையைக் கொண்டு ஒரு கொள்கையை நிறுவுவதும் முறையன்று. ஆனால் ஒரு கேள்வியை எழுப்ப ஒருவன் போதும். புறம்பானது எது? அகத்தது எது?

இரு நாடுகள், ஒரே கணக்கு

நம் மாநிலத்தில் பொறியியல் சேர்க்கைக்கான கணக்கு எல்லாரும் அறிந்ததே. கணக்கிற்கு நூறு, இயற்பியலுக்கு ஐம்பது, வேதியியலுக்கு ஐம்பது, ஆக இருநூறு. மருத்துவத்திற்கு 2017 முதல் நீட் தேர்வின் எழுநூற்று இருபது. விளையாட்டில் சிறந்தோர்க்கென ஒதுக்கிய சில இடங்கள் நீங்கலாக, இந்தக் கூட்டலில் பாட்டுக்கோ நாடகத்துக்கோ சாரணர் இயக்கத்துக்கோ ஓர் எண்ணும் இல்லை. ஆகவே, "மதிப்பெண் தராத வேலை எதற்கு?" என்கிறார் தந்தை. மாலைப்பொழுதைக் குழந்தையின் விளையாட்டுக்கென ஒதுக்கிய பாரதியின் பாட்டை மேடையில் பாட வைத்துக் கைதட்டுகிறோம். அந்த மாலைப்பொழுதை மறுநாள் தனிப்பயிற்சி நிலையத்திற்குக் கொடுத்துவிடுகிறோம்.

இப்போது வேறொரு குரலும் நம் பங்குகளில் கேட்கிறது. பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்ப விரும்பும் பெற்றோர் சிலர், "அங்கே மதிப்பெண் மட்டும் போதாதாமே, சான்றிதழ்களும் கேட்கிறார்களாமே, சாமி" என்று பீடப்பூக்களின் பொறுப்பையும் பாடகர் குழுவின் பொறுப்பையும் பிள்ளைக்காகக் கேட்டு வருகிறார்கள். அவர்கள் சொல்வது உண்மையே. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான விண்ணப்பப் படிவம் ஒன்று உண்டு. அதில், மாணவர் பள்ளிக்காலத்தில் ஈடுபட்ட செயல்கள் பத்து வரையில் எழுத இடம் விட்டிருக்கிறார்கள். இங்கே எண்ணில்லாத ஒன்றுக்கு அங்கே எண் இருக்கிறது.

அப்படியானால் அந்நாட்டுப் பிள்ளைகள் பேறு பெற்றவர்கள் என்று நினைக்கத் தோன்றும். 2019ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அங்கே வெளிப்பட்ட ஊழல் அந்த நினைப்பைக் கலைக்கும். வில்லியம் சிங்கர் என்ற கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர் செல்வந்தர்களிடம் பெரும்பணம் பெற்று, அவர்கள் பிள்ளைகளுக்காகத் தேர்வில் முறைகேடு செய்தார். பல்கலைக்கழக விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்குக் கையூட்டும் கொடுத்தார். யேல், ஸ்டான்ஃபோர்டு, ஜார்ஜ்டவுன் போன்ற புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்கள் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். ஒருநாளும் அவ்விளையாட்டை ஆடியிராத பிள்ளைகளை வீரர்களெனக் காட்டினார்கள். வேறொருவர் விளையாடும் படத்தில் பிள்ளையின் முகத்தை ஒட்டியதும் உண்டு. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2023 ஜனவரியில் சிங்கருக்கு மூன்றரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இரு நாடுகளும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும் இரண்டிலும் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றே: "இதனால் என்ன கிடைக்கும்?" இங்கே ஒன்றும் கிடைக்காது என்பதால் விளையாட்டு மெல்லச் சாகிறது. அங்கே ஏதோ கிடைக்கும் என்பதால் விளையாட்டு பொய்யாகிறது. விளையாட்டு அந்தப் பிள்ளையை என்ன செய்கிறது என்று கேட்பார் இரு நாடுகளிலும் அரியர்.

ஆய்வு சொல்வது

பள்ளிக்காலச் செயல்பாடுகளுக்கும் கல்லூரி வெற்றிக்கும் மெய்யாகவே தொடர்பு உண்டா? இதைப் பொறுமையாக ஆராய்ந்தவர் வாரன் வில்லிங்ஹாம் என்ற அமெரிக்க அறிஞர். ஒன்பது கல்லூரிகளில் சேர்ந்த சில ஆயிரம் மாணவர்களைப் படிப்பு முடியும் வரை தொடர்ந்து கவனித்து, 1985ஆம் ஆண்டு தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். பள்ளி மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் ஒத்திருந்த மாணவர்களுள், கல்லூரியில் சிறப்புத் தகுதியோடு தேறியவர் யார், தலைமைப் பொறுப்புகளில் அமர்ந்தவர் யார் என்பதை மற்றெல்லாப் பண்புகளையும் விட ஒரு பண்பே நன்கு முன்னறிவித்தது என்று அவர் கண்டார். எடுத்த செயலை ஆண்டுக்கணக்கில் விடாது தொடர்ந்து, அதில் படிப்படியாக முன்னேறுவதே அப்பண்பு.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, எந்தச் செயல் என்பது பொருட்டாக இல்லை. டென்னிசாகவும் இருக்கலாம், பேச்சு மன்றமாகவும் இருக்கலாம், பள்ளி இதழாகவும் இருக்கலாம். மற்றொன்று, எத்தனை செயல் என்பதும் பொருட்டாக இல்லை. ஆண்டுக்கு ஒன்றாய்த் தொட்டுவிட்டு நகர்ந்தவர்களை விட, ஓரிரண்டில் நிலைத்து நின்றவர்களே மேலோங்கினர். திங்களன்று கராத்தே, செவ்வாயன்று கீபோர்டு, புதனன்று அபாகஸ் என்று பிள்ளையை வண்டியில் ஏற்றி அலைக்கழிக்கும் பெற்றோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஆய்வை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. நிலைத்து நிற்கும் இயல்புள்ள பிள்ளை பள்ளியிலும் நிலைக்கும், கல்லூரியிலும் நிலைக்கும். செயல்பாடுதான் அந்த இயல்பைத் தந்தது என்று எப்படிச் சொல்வது என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வியே. செயல்பாடுகள் எல்லாம் நன்மையே தரும் என்பதும் இல்லை. ஜாக்குலின் எக்கிள்ஸ், போனி பார்பர் என்ற இரு ஆய்வாளர்கள் 1999ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பள்ளிகளின் விளையாட்டு அணிகளில் இருந்த மாணவர்கள் கல்விப் பாதையில் முன்னேறியதைக் கண்டார்கள். அம்மாணவர்களிடையே குடிப்பழக்கம் மிகுந்திருந்ததையும் கண்டார்கள். யாரோடு சேர்கிறோம் என்பதும் செயலின் ஒரு பகுதி. இதைப் பெற்றோர் மறக்கலாகாது.

எனினும், ஆய்வாளர் எண்களால் காட்டுவதை ஊரில் நாம் கண்களால் பார்த்திருக்கிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சும்மா சொல்லிவிடவில்லை. தேர்வு அறையில் ஒருவனின் பிழை அவனுக்கும் திருத்துபவருக்கும் மட்டுமே தெரியும். பேண்டு குழுவில் ஒருவன் தாளம் தவறினால் அணிவகுப்பு முழுவதும் தடுமாறும். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். மறுநாளும் அதே குச்சிகளை எடுத்துக்கொண்டு அதே வரிசையில் நிற்க வேண்டும். பக்கத்தில் நிற்பவனிடம், "எந்த இடத்தில் நான் விட்டேன்? ஒருமுறை அடித்துக் காட்டு" என்று கேட்க வேண்டும். தோல்வியை நாலுபேர் நடுவே தாங்குவதும், தெரியாததைத் தெரிந்தவனிடம் வெட்கமின்றிக் கேட்பதும், தன்னை நம்பிப் பிறர் காத்திருக்கிறார்கள் என்பதற்காகவே காலையில் எழுவதும் அங்கே பழகுகின்றன. கல்லூரி விடுதியின் முதல் ஆறு மாதத்தில் ஒரு பிள்ளைக்கு வேண்டியிருப்பவை இவையே. திண்ணையில் வந்து அமர்ந்த அந்த மாணவன் இப்பழக்கத்தில்தான் இருந்தான். அது முற்றுவதற்குள் நாம் பிடுங்கிவிட்டோம்.

விளையாட்டின் பயன்

இவ்விடத்தில் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். கல்லூரியில் வெற்றி பெறுவார்கள், ஆதலால் பிள்ளைகளை விளையாட விடுங்கள் என்று சொன்னால், நாமும் அந்தப் பழைய கணக்கைத்தானே போடுகிறோம்? இருநூற்றுக்குள் அடங்காத ஒன்றை வேறொரு வழியாக இருநூற்றுக்குள் கொண்டுவருகிறோம் அல்லவா?

குருமடத்தில் நாம் பயின்ற தாமஸ் அக்குவினாஸ் இங்கே துணைக்கு வருகிறார். விளையாட்டைப் பற்றியும் ஓர் அறப்பண்பு உண்டு என்று அவர் தம் இறையியல் பெருநூலில் வாதிடுகிறார். எப்போதும் நாணேற்றி வைத்த வில் முறிந்துபோகும் என்ற பழங்கதையையும் அங்கே எடுத்துக்காட்டுகிறார். அவருக்கு முன்பே அரிஸ்டாட்டில் அப்பண்பைத் தம் அறநூலில் வைத்தார். விளையாட்டு மனத்தின் ஓய்வுக்கும் புத்துணர்வுக்கும் வேண்டியது என்பதை ஏற்கும் அக்குவினாஸ், அது தனக்கு வெளியே வேறொரு குறிக்கோளை நாடாத செயல் என்பதையும் சுட்டுகிறார். ஆடுகிற நேரத்தில் பிள்ளை ஆட்டத்திற்காகவே ஆடுகிறது. வேறெதற்காகவோ ஆடத் தொடங்கினால் அது விளையாட்டாகவே இருப்பதில்லை, இன்னொரு பாடமாகிவிடுகிறது.

ஆகவே இதில் ஒரு புதிர் இருக்கிறது. பள்ளிக்காலச் செயல் பிற்காலத்தில் பயன் தருகிறது. ஆனால் பயனையே குறிவைத்துச் செய்பவனுக்கு அப்பயன் நழுவிவிடுகிறது. சான்றிதழுக்காகச் சேர்ந்தவன் சான்றிதழ் வந்ததும் விலகுகிறான். விலகியவனிடம், நிலைத்து நின்றால் மட்டுமே விளைகிற பண்பு எப்படி விளையும்? நட்பும் இத்தகையதே. உதவி கிடைக்கும் என்று நட்புக் கொள்பவனுக்கு நண்பன் கிடைப்பதில்லை. நண்பனை நண்பனுக்காகவே நேசித்தவனுக்கு இக்கட்டு நேரத்தில் உதவியும் வந்து சேர்கிறது.

இதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. பதினேழு வயது என்பது வாழ்க்கைக்கு முன்னே உள்ள காத்திருப்பு அறை அன்று, அதுவும் வாழ்க்கையே. "ஓராண்டுதானே" என்று நாம் சொன்னபோது, அந்த ஆண்டை வெறும் விலையாகக் கருதினோம். அந்தப் பிள்ளைகளுக்கோ அது திரும்பி வராத ஓர் ஆண்டு. நல்ல வேலை கிடைத்தால் பின்னர் விளையாடிக்கொள்ளலாம் என்கிறோம். பதினேழு வயதில் தோழரோடு கூடி அடித்த டிரம்மை முப்பத்தேழில் யாரோடு கூடி அடிப்பது?

வாய்ப்பற்ற பிள்ளைகள்

இத்தோடு முடித்துவிட்டால் அநீதி செய்தவர் ஆவோம். அதே 2008ஆம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். எந்த அணியிலும் அவள் இல்லை, எந்த மேடையிலும் ஏறியதில்லை. விடியற்காலை எழுந்து தாயோடு பூக்கட்டி, பேருந்து நிலையத்தில் முழம் போட்டு விற்றுவிட்டு, தம்பியைப் பள்ளியில் விட்டுத் தானும் வருவாள். எந்தச் சான்றிதழும் அவளிடம் இல்லை. அருகிலிருந்த கலைக் கல்லூரியில் படித்துக் குறித்த காலத்தில் பட்டம் பெற்று, இன்று ஆசிரியையாகப் பணியாற்றுகிறாள். நிலைத்து நிற்றல், பிறர்க்குப் பொறுப்பாதல், நாலுபேர் நடுவே பேரம் பேசித் தோற்றும் வென்றும் பழகுதல் ஆகிய அனைத்தையும் அவள் பூக்கூடையோடு கற்றாள். அவள் சிறுமியாய் விளையாடியிருக்க வேண்டிய நேரத்தை வறுமை எடுத்துக்கொண்டது என்பதையும் நாம் மறைக்கக்கூடாது. அவளது உழைப்பைப் புகழ்ந்து பேசி, அவளுக்கு இழைக்கப்பட்ட குறையை மூடிவிடலாகாது.

அமெரிக்க அறிஞர் ராபர்ட் பட்னம் 2015இல் வெளியிட்ட நூலில், அங்கே பள்ளிச் செயல்பாடுகளில் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் இடையே பிளவு விரிந்து வருவதைக் காட்டினார். பல பள்ளிகள் விளையாட்டு அணியில் சேரவே கட்டணம் கேட்கத் தொடங்கியதை ஒரு காரணமாகச் சொன்னார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறையைச் சார்ந்த ஒரு குழு 2016இல் வெளியிட்ட அறிக்கை, நீண்ட பட்டியலுக்கு மதிப்புத் தராமல் பிள்ளை மனமொன்றிச் செய்த சிலவற்றுக்கே மதிப்புத் தரும்படியும், வீட்டுப் பொறுப்புகளையும் கருத்தில் கொள்ளும்படியும் கல்லூரிகளைக் கேட்டுக்கொண்டது. முன்னர் குறிப்பிட்ட பொது விண்ணப்பத்திலும் வீட்டுக் கடமையையும் கூலி வேலையையும் செயல்பாடுகளாக எழுத வழியிருக்கிறது. தம்பியைப் பார்த்துக்கொண்டதும் கடையில் நின்றதும் வெறும் இழப்பு அன்று, அவையும் ஒருவரை உருவாக்குகின்றன என்பதை ஒரு படிவமேனும் ஒப்புக்கொள்கிறது. நம் பள்ளிகள் என்றேனும் ஒப்புக்கொண்டிருக்கின்றனவா?

ஆதலால் பள்ளி நேரத்துக்குள் இருக்கும் விளையாட்டு வேளை செல்வர் பிள்ளைக்கு வேண்டியதை விட ஏழைப் பிள்ளைக்கே மிகுதியாக வேண்டும். செல்வர் பிள்ளைக்கு மாலையில் பணம் கட்டி ஒரு மைதானம் கிடைத்துவிடும். பூக்கட்டும் பிள்ளைக்குக் கிடைப்பது பள்ளி தருகிற அந்த நாற்பது நிமிடமே. அதைக் கணக்குக்கு மாற்றினால், நாம் எடுப்பது யாரிடமிருந்து என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெற்றோரிடம் நாம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. உங்கள் பிள்ளை விரும்பிய ஒரு செயலை, அது பாட்டோ பந்தோ பங்கின் இளையோர் குழுவோ எதுவாயினும், சில ஆண்டுகள் தொடர விடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு வந்துவிட்டது என்பதற்காக அதை வெட்டிவிடாதீர்கள். வீடு திரும்பும் பிள்ளையிடம், "பரிசு கிடைத்ததா?" என்று கேட்பதற்கு முன், "இன்று என்ன நடந்தது?" என்று கேளுங்கள். தோற்று வந்தால் அன்றைய சோற்றில் அதைக் கலக்காதீர்கள். பங்குத்தந்தையரும் இதற்கு விலக்கல்லர். விவிலிய வினாடி வினாவுக்கும் பாடல் போட்டிக்கும் கேடயங்களை அடுக்கி வைத்துப் பிள்ளைகளை அழைப்பவர்கள் நாமே. கேடயம் தீர்ந்ததும் பிள்ளைகளும் வரவில்லையே என்று வருந்துபவர்களும் நாமே.

அந்த உடற்கல்வி ஆசிரியர் சில ஆண்டுகளுக்கு முன் பணி ஓய்வு பெற்றார். விழாவுக்கு நம்மை அழைத்திருந்தார். பழைய கால அட்டவணையைப் பற்றி அவரும் பேசவில்லை. மேடையில் நாமும் பேசவில்லை. கீழே இறங்கி வந்தபின் அவர் கையைப் பற்றி, "அன்று நான் தவறு செய்துவிட்டேன், சார்" என்றோம். அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். "இப்போது இருக்கும் பள்ளியில் பையன்கள் விளையாடுகிறார்களா, சாமி?" என்று கேட்டார்.

இப்போதும் ஜூன் மாதம் ஒரு கால அட்டவணை நம் மேசைக்கு வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பின் பக்கத்தை முதலில் திருப்பிப் பார்த்த பின்னரே கையொப்பமிடுகிறோம்.